முயலாமல் இருப்பதன் நியாயம்

தமிழ்நாட்டுப் பள்ளிக்கூடங்களில் யாரும் அதிகம் கவலைப்படாத வகுப்பு ஒன்பதாம் வகுப்பு. எட்டாம் வகுப்புவரை யாரையும் நிறுத்தி வைப்பதில்லை. பத்தாம் வகுப்புக்கு வந்துவிட்டால் பொதுத்தேர்வு, காலைச் சிறப்பு வகுப்பு, மாலைச் சிறப்பு வகுப்பு, வாரத்தேர்வு என்று பள்ளியே அந்தப் பிள்ளைகளைச் சூழ்ந்துகொள்ளும். நடுவில் கிடக்கிற ஒன்பதாம் வகுப்பில்தான், நான் பார்த்தவரையில், படிப்போடு தனக்கு இனி என்ன உறவு என்பதை ஒரு பிள்ளை முடிவு செய்கிறது. முடிவு சத்தமில்லாமல் நடந்து முடிந்துவிடும்.

கணக்கு ஆசிரியர்களின் கண்ணில் அது சீக்கிரம் பட்டுவிடும். மற்ற பாடங்களில் மனப்பாடம் கொஞ்ச காலம் மறைத்து வைக்கும். கணக்கில் மறைக்க இடமில்லை. முடிவெடுத்துவிட்ட பிள்ளை பெரும்பாலும் சேட்டை செய்வதில்லை. கரும்பலகையில் இருப்பதை அப்படியே நோட்டில் இறக்கிவிடும். மார்ஜின் போட்டு, தலைப்புக்கு அடிக்கோடிட்டு, விடையைக் கட்டம் கட்டி, பார்வைக்கு அழகாகவே இருக்கும். அதே கணக்கை எண்ணை மாற்றிக் கொடுத்தால் பேனா நகராது. "புரியலையாப்பா?" என்று கேட்டால், "புரியுது சார்" என்று பதில் வரும். இன்னும் கொஞ்ச நேரம் பக்கத்தில் நின்றால்தான் உண்மை வரும்: "எனக்குக் கணக்கு வராது சார்."

ஆசிரியர் அறையில் இதை ஆர்வமின்மை என்று பேசிக்கொள்கிறோம். ஆர்வம் முதலில் இருக்க வேண்டும், அது இருந்தால் படிப்பு தானே வரும் என்ற நம்பிக்கை அந்தப் பேச்சுக்குள் இருக்கிறது. இந்த வரிசை தலைகீழானது என்று நான் நினைக்கிறேன். தன்னால் ஒன்றைச் செய்ய முடிந்தது என்ற அனுபவத்துக்குப் பின்னால்தான் ஆர்வம் வருகிறது. அந்த அனுபவம் ஆண்டுக்கணக்காகக் கிடைக்காத பிள்ளைக்கு, முயலாமல் இருப்பது ஒரு நியாயமான முடிவு. முயன்று தோற்றால் மக்கு என்று ஆகும். முயலாமல் இருந்தால் சோம்பேறி என்று மட்டுமே ஆகும். பதினான்கு வயதில் இந்த இரண்டில் எது மானத்தைக் காக்கும் என்று பிள்ளைகளுக்குத் தெளிவாகத் தெரியும்.

அந்த இடத்துக்கு ஒரு பிள்ளை எப்படி வந்து சேர்கிறது? தொடக்கப்பள்ளியில் பின்னம் வருகிறது. அரையும் காலும் எல்லாப் பிள்ளைக்கும் தெரியும். மூன்றில் ஒன்றையும் நான்கில் ஒன்றையும் கூட்டச் சொல்லும்போது, பகுதிகளை ஏன் சமமாக்க வேண்டும் என்று விளங்காமல் ஒரு பிள்ளை நின்றுவிடுகிறது. அந்த வாரம் காய்ச்சலாக இருந்திருக்கலாம். அப்பா அம்மாவோடு செங்கல் சூளைக்குப் போயிருக்கலாம். வகுப்பு நகர்ந்துவிடுகிறது. பிறகு குறை எண்கள், இயற்கணிதக் கோவைகள், காரணிப்படுத்தல் என்று மேலே மேலே ஏறும்போது, கீழே விட்டுப்போன ஒரு படி யாருக்கும் நினைவில் இருப்பதில்லை. பிள்ளைகளின் கற்றல் நிலையை அளக்கும் ஏசர் ஆய்வின் 2023-ஆம் ஆண்டு அறிக்கை இந்தியக் கிராமப்புறத்தில் 14 முதல் 18 வயதுவரை உள்ளவர்களை ஆராய்ந்தது. மூன்று இலக்க எண்ணை ஓரிலக்க எண்ணால் வகுக்க முடிந்தவர்கள் 43.3 விழுக்காடு. தாய்மொழியில் இரண்டாம் வகுப்புப் பாடத்தைத் தடையில்லாமல் வாசிக்க முடியாதவர்கள் ஏறக்குறைய கால்பங்கு. இவர்களில் பலர் தினமும் ஏழெட்டு பாடவேளை, தமக்கு விளங்காத ஒன்றைக் கேட்டபடி உட்கார்ந்திருக்கிறார்கள். பெரியவர்களாகிய நம்மால் விளங்காத ஒரு கூட்டத்தில் ஒரு மணி நேரம் உட்கார முடியாது. ஆண்டுக்கணக்காக உட்கார்ந்திருக்கும் அந்தப் பொறுமையை யாரும் மெச்சுவதில்லை.

"ஆல் பாஸ் போட்டுத்தான் கெட்டுப்போச்சு" என்பவர்களோடு என்னால் சேர முடியவில்லை. நிறுத்தி வைத்த காலத்தில் இந்தப் பிள்ளைகள் கற்றுக்கொண்டு மேலே வரவில்லை, பள்ளியைவிட்டே போனார்கள். தறிக்கும் தீப்பெட்டிக்கும் ஆடு மேய்க்கவும் போனவர்கள் வகுப்பில் இல்லாததால், அன்றைய வகுப்பறை ஒழுங்காக இருந்ததுபோல் இன்று நினைவில் தெரிகிறது. இப்போது அவர்கள் வகுப்புக்குள் இருக்கிறார்கள். அது இந்தச் சமூகம் பெற்ற வெற்றி. உள்ளே வந்தவர்களுக்கு என்ன செய்வது என்பதுதான் நமக்கு இன்னும் பிடிபடாத பகுதி.

*

1967-இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் மார்ட்டின் செலிக்மன், ஸ்டீவன் மேயர் என்ற இருவர் நாய்களை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். இன்று படித்தால் மனம் கூசும் சோதனை. எதைச் செய்தாலும் நிற்காத மின்னதிர்ச்சிக்கு ஆளான நாய்களைப் பின்னர் வேறொரு கூண்டில் விட்டார்கள். அங்கே ஒரு தாழ்ந்த தடுப்பைத் தாண்டினால் போதும், தப்பிவிடலாம். பெரும்பாலான நாய்கள் தாண்டவில்லை, படுத்து முனகின. இந்த அளவுக்குப் பலரும் கேள்விப்பட்டிருப்போம். ஆசிரியர்களுக்கு முக்கியமானது அதன் பிறகு நடந்தது. அந்த நாய்களைக் கூப்பிட்டுப் பார்த்தார்கள், உணவைக் காட்டிப் பார்த்தார்கள், பலன் இல்லை. கழுத்துப் பட்டையைப் பிடித்து, தடுப்புக்கு அந்தப் பக்கம் இழுத்துப்போய், கால்கள் தாமே அந்தப் பாதையைக் கடக்கும்படி திரும்பத் திரும்பச் செய்த பிறகுதான் அவை தாமாகத் தாண்டத் தொடங்கின.

இன்னொன்றும் உண்டு. ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகள் கழித்து, 2016-இல், அதே இருவரும் தங்கள் பழைய முடிவைத் திருத்தி எழுதினார்கள். செயலற்றுப்போவதை நாய்கள் கற்றுக்கொண்டன என்று முதலில் கருதியிருந்தார்கள். நீடித்த துன்பத்துக்கு உயிர்கள் இயல்பாகவே காட்டும் எதிர்வினைதான் அது என்று மூளை ஆய்வுகள் காட்டின. கற்றுக்கொள்ள வேண்டியது மற்றதை: தன் செயலால் நிலைமை மாறும் என்பதை. அதை ஒருமுறை கற்ற மூளை பிற்காலத் துன்பத்திலும் எளிதில் படுத்துவிடுவதில்லை.

இந்தத் திருத்தம் என் தொழிலைப் பற்றிய எண்ணத்தை மாற்றியது. இந்தப் பையனுக்கு ஏன் ஆர்வம் போயிற்று என்று கேட்டுக்கொண்டே இருக்கிறோம். தன் கையால் ஒன்று மாறியது என்பதை அவன் இந்தக் கட்டடத்துக்குள் எப்போதாவது கண்டானா என்று கேட்பதுதான் பயனுள்ள கேள்வி.

*

நம் கைவசம் இருக்கும் வழிகளை இந்தக் கேள்வியோடு பார்க்கலாம். முதல் வழி அறிவுரை. இறைவணக்கக் கூட்டத்தில், வகுப்பில், தன்னம்பிக்கைப் பேச்சாளரை வரவழைத்து, அப்துல் கலாம் செய்தித்தாள் போட்டுப் படித்த கதையிலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் சொல்கிறோம். பிள்ளைகள் கைதட்டுவார்கள், சிலர் கண்கலங்கவும் செய்வார்கள். அடுத்த பாடவேளையில் இருபடிச் சமன்பாடு அப்படியே நிற்கும். முயன்றால் முடியும் என்ற சொல், முயன்றும் முடியாமல் போன பிள்ளைக்கு ஆறுதலாக இருப்பதில்லை. குற்றம் உன்னுடையது என்றே அதன் காதில் விழுகிறது.

அடுத்தது அடி. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு உடல் தண்டனையோடு மன உளைச்சல் தருவதையும் சேர்த்தே தடை செய்கிறது. பிரம்பு பெரும்பாலும் போய்விட்டது. சொல் போகவில்லை. வகுப்பின் முன்னால் மதிப்பெண்ணை உரக்கப் படிப்பது, மெல்லக் கற்போர் பட்டியலைச் சுவரில் ஒட்டுவது, "நீயெல்லாம் எதுக்கு வர்ற?" என்று கேட்பது எல்லாம் அந்தப் பிரிவுக்குள் வருகிறவைதான்.

மூன்றாவது, "நாளைக்கு அம்மாவைக் கூட்டிட்டு வா." ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு அந்தத் தாய் வருவார். தலைமையாசிரியர் அறை வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நிற்பார். நாற்காலி இருந்தாலும் உட்கார மாட்டார். மகனின் நோட்டு அவர் முன் விரிக்கப்படும். அதில் என்ன தப்பு என்று அவருக்குப் படிக்கத் தெரியாது. "கண்ணை மட்டும் விட்டுட்டுத் தோலை உரிச்சிடுங்க சார், எப்படியாவது படிச்சாப் போதும்" என்பார். பையன் பக்கத்தில் தரையைப் பார்த்தபடி நிற்பான். தன்னால் தன் தாய் அவமானப்படுகிறாள் என்பது தவிர அன்று அவன் கற்பது வேறு எதுவும் இல்லை. மறுவாரம் அவன் பள்ளிக்கு வராமல் இருந்தால், அதற்கும் ஒரு நியாயம் இருக்கிறது. பெற்றோரை அழைக்கத்தான் வேண்டும். பையன் ஏதாவது ஒன்றைச் சரியாகச் செய்த நாளில் அழைத்தால், அந்த வாசல் வேறு வாசலாகும்.

*

பத்தாம் வகுப்பில் பள்ளி கண்டுபிடித்திருக்கிற வழி இன்னும் நுட்பமானது. கணக்கு வினாத்தாளில் 14 ஒரு மதிப்பெண் வினாக்கள். கடைசியில் 8 மதிப்பெண் வினாக்கள் இரண்டு: செய்முறை வடிவியல் ஒன்று, வரைபடம் ஒன்று. 14-ம் 16-ம் 30. முதல் பாடத்தில் கார்டீசியன் பெருக்கல், ஒரு சார்பை அம்புக்குறிப் படமாகவும் அட்டவணையாகவும் காட்டுவது; இவற்றில் 5 மதிப்பெண் வந்தால் 35. தேர்ச்சி. இதற்கென்றே கையடக்கமான கையேடு தயாரித்து, ஜனவரியிலிருந்து அதை மட்டும் திரும்பத் திரும்ப எழுதவைப்போம்.

இதை இகழ்ந்து பேச நான் தயாரில்லை. பத்தாம் வகுப்புத் தேர்ச்சி ஒரு பிள்ளைக்குப் பதினோராம் வகுப்பையும் பாலிடெக்னிக்கையும் திறந்துவிடுகிறது. அந்த 35-ஐ வாங்கிக் கொடுக்காமல் உயர்ந்த கல்வித் தத்துவம் பேசுவது, வசதியுள்ளவர்களின் பேச்சு. ஆனாலும் சார்பு என்றால் என்னவென்று தெரியாமலே அம்புக்குறி போட்ட பிள்ளை, தேர்ச்சியோடு சேர்த்து இன்னொன்றையும் எடுத்துக்கொண்டு போகிறது: படிப்பு என்பது விளங்கிக்கொள்ளத் தேவையில்லாத ஒரு சடங்கு என்பதை.

இதே கையேட்டுக்குள்தான் ஒரு கதவும் இருக்கிறது. கணக்கு வராது என்று சொல்லும் பிள்ளைகளில் பலர் காம்பஸை எடுத்தால் நேர்த்தியாக வரைகிறார்கள். 3 சென்டிமீட்டர் ஆரத்தில் ஒரு வட்டம். மையத்திலிருந்து 8 சென்டிமீட்டர் தள்ளி ஒரு புள்ளி. இரண்டையும் சேர்த்து, அந்தக் கோட்டுக்கு மையக்குத்துக்கோடு வரைந்து, நடுப்புள்ளியிலிருந்து, முதல் வட்டத்தின் மையம் வழியாகப் போகும்படி இன்னொரு வட்டம் போட்டால், அது முதல் வட்டத்தை இரண்டு இடங்களில் வெட்டும். வெளிப்புள்ளியிலிருந்து அந்த இடங்களுக்கு இழுத்த கோடுகள் தொடுகோடுகள். ஸ்கேலை வைத்து அளந்தால் 7.4 சென்டிமீட்டர். வழக்கமாக இத்தோடு நிறுத்தி, சரிபார்த்தலை மனப்பாடமாக எழுதச் சொல்லிவிடுவோம். இங்கேதான் நிறுத்தக் கூடாது என்பது என் எண்ணம். மையத்தையும் தொடும் புள்ளியையும் சேர்க்கும் ஆரம் தொடுகோட்டோடு எவ்வளவு கோணம் பண்ணுகிறது என்று அளக்கச் சொல்ல வேண்டும். 90 டிகிரி. அப்படியானால் அது செங்கோண முக்கோணம். எட்டின் வர்க்கம் 64, மூன்றின் வர்க்கம் 9, கழித்தால் 55. எந்த எண்ணை அதனாலேயே பெருக்கினால் 55-க்குக் கிட்டே வரும்? 7.4-ஐ 7.4-ஆல் பெருக்கிப் பார்க்கச் சொன்னால் 54.76.

பையன் கையால் வரைந்ததும், அவன் போட்ட கணக்கும், ஒரே இடத்தில் வந்து சேர்கின்றன. சரி என்று சொல்ல ஆசிரியர் தேவையில்லை. டிக் அடிக்கச் சிவப்பு மை தேவையில்லை. எட்டு, ஒன்பது ஆண்டுகளாகச் சரி தவறு என்பது யாரோ ஒருவரின் முகத்தில் தெரிந்த ஒன்றாக இருந்தது. முதல்முறையாக அது தாளிலேயே தெரிகிறது. "சார், புள்ளியைத் தள்ளி வெச்சா நீளம் கூடுமா?" என்று அந்த நேரத்தில் சில பிள்ளைகள் கேட்பதுண்டு. ஆர்வம் என்று நாம் தேடிக்கொண்டிருந்தது அந்தக் கேள்விதான். அது யாரும் ஊட்டாமல் வந்தது.

*

ஒரு கதவு திறந்தால் மட்டும் போதாது. கீழே விட்டுப்போன படிக்கு இறங்கியாக வேண்டும். மீசை அரும்பும் வயதில் ஐந்தாம் வகுப்புப் புத்தகத்தை விரிப்பது எளிதல்ல. குறைதீர் கற்பித்தல் திட்டங்கள் பெரும்பாலும் இடறுவது இங்கேதான். பாடம் சரியாக இருக்கும், அதைக் கொடுக்கும் விதத்தில் மானம் போய்விடும்.

இதற்கு இத்தாலியிலிருந்து ஒரு பழைய விடை உண்டு. ஃபிளாரன்ஸ் நகருக்கு அருகே மலைமேல் இருக்கும் பார்பியானா என்ற சிற்றூரில், லொரென்சோ மிலானி என்ற பாதிரியார் ஒரு பள்ளி நடத்தினார். அரசுப் பள்ளிகளில் தோற்று வெளியேறிய உழவர் வீட்டுப் பிள்ளைகள் அங்கே படித்தார்கள். அவர்களில் எட்டுப் பேர் சேர்ந்து, தங்களைத் தோற்கடித்த ஆசிரியைக்கு எழுதுவதாக ஒரு நெடுங்கடிதம் எழுதினார்கள். 1967-இல் அது புத்தகமாக வந்தது. 'எங்களை ஏன் டீச்சர் பெயிலாக்கினீங்க?' என்று தமிழிலும் வந்தது. அந்தப் பள்ளியில் பின்தங்கிய பிள்ளைக்கு விளங்கும்வரை மற்றவர்கள் காத்திருந்தார்கள். மூத்த பிள்ளைகள் இளைய பிள்ளைகளுக்கு ஆசிரியர்களாக இருந்தார்கள்.

சிலரை மட்டுமே வைத்து நாள் முழுக்க நடந்த மலையூர்ப் பள்ளியை, நாற்பது ஐம்பது பேர் உட்கார்ந்திருக்கும் நம் வகுப்போடு அப்படியே பொருத்த முடியாது. மூத்தவர் இளையவருக்குச் சொல்லிக்கொடுப்பதை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். பின்னம் தெரியாத ஒன்பதாம் வகுப்புப் பையனிடம் "ஆறாம் வகுப்புப் பசங்களுக்கு வெள்ளிக்கிழமை நீ பின்னம் சொல்லிக்குடுக்கணும்" என்று பொறுப்பு கொடுத்தால், ஐந்தாம் வகுப்புப் புத்தகத்தை அவன் கையில் எடுப்பதற்கு மரியாதையான ஒரு காரணம் கிடைத்துவிடுகிறது. அவன் தயார்செய்து வருவான். எங்கே தனக்கு விளங்காமல் போயிற்றோ அதே இடத்தில் சின்னப் பிள்ளைகளும் விழிப்பதை அவனால் கண்டுகொள்ள முடியும். வகுப்பில் முதல் மதிப்பெண் வாங்குகிறவனுக்கு அது தெரியாது. அவனுடைய தோல்வி அங்கே ஓர் அறிவாகப் பயன்படுகிறது.

மாணவிகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மனம் விட்டுப்போன பையனை ஆசிரியர் எப்படியும் கவனித்துவிடுகிறார். அவன் தூங்குகிறான், வராமல் இருக்கிறான். மனம் விட்டுப்போன பெண் பிள்ளை முன்வரிசையில்கூட உட்கார்ந்திருப்பாள். வீட்டுப்பாடம் முடித்திருப்பாள், கேட்டால் எழுந்து நிற்பாள். வீட்டில் அத்தை மகனைப் பற்றிய பேச்சு ஆரம்பித்திருக்கும். படித்து என்ன ஆகப்போகிறது என்ற கேள்வியை அவள் யாரிடமும் கேட்பதில்லை. தொந்தரவு தராத பிள்ளை என்று நாம் நிம்மதியாக இருந்துவிடுகிறோம். ஒழுங்கு வேறு, ஈடுபாடு வேறு. ஒழுங்காக இருப்பதாலேயே ஒரு பெண் பிள்ளை நம் கவனத்தை இழந்துவிடக் கூடாது.

*

பள்ளிக்கு வெளியே இதே பிள்ளைகளைப் பார்த்தவர்கள் அவர்களைச் சோம்பேறிகள் என்று சொல்ல மாட்டார்கள். முதல் பாடவேளையில் தூங்குகிறவன் முந்தின இரவு கல்யாண மண்டபத்தில் கேட்டரிங் வேலைக்குப் போய்ப் பந்தி பந்தியாகப் பரிமாறியிருப்பான். விசைத்தறி ஓடும் ஊர்களில், இழை அறுந்த தறியைச் சத்தத்திலேயே கண்டுபிடிக்கும் பிள்ளைகள் உண்டு. அந்த வேலையில் செய்ததற்கு அன்றே பலன் தெரிகிறது. கூலி கையில் வருகிறது. பள்ளியோ பலனைப் பத்து ஆண்டுக்கு அப்பால் காட்டுகிறது. பி.இ. முடித்த பக்கத்து வீட்டு அண்ணன் அதே தறிப் பட்டறையில் கணக்கு எழுதுவதை அந்தப் பையன் தினமும் பார்க்கிறான். படித்தால் பெரிய ஆளாகலாம் என்ற நம் வாக்குறுதியை அவன் நம்பாததற்குக் காரணம் இருக்கிறது.

அரசு அந்தத் தொலைவைக் குறைக்க முயல்கிறது. மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு 2020-இல் வந்தது. உயர்கல்விக்குப் போகும் அரசுப் பள்ளி மாணவிகளுக்கு மாதம் 1000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டம் 2022-இலும், மாணவர்களுக்கான தமிழ்ப் புதல்வன் 2024-இலும் வந்தன. இவை உண்மையான உதவிகள். வாசல்வரை வந்துவிட்டவர்களுக்கு இவை கைகொடுக்கும். வாசலுக்கே வராதவர்களுக்கு, இன்றைய வகுப்பில் இன்றைக்கே ஒரு பலன் தெரிய வேண்டும். அதை எந்தத் திட்டமும் தர முடியாது. அந்த நாற்பத்தைந்து நிமிடத்தில் அங்கே நிற்கும் ஆசிரியர்தான் தர முடியும்.

அந்த ஆசிரியரின் நிலை என்ன? தேர்ச்சி விகிதக் கூட்டத்தில் அவர் எழுந்து நின்று விளக்கம் சொல்ல வேண்டும். 2017 முதல் மாணவர்களின் முதல் மூன்று இடங்களை அறிவிப்பதில்லை. ஆனால் மாவட்டங்களின் வரிசை ஆண்டுதோறும் வருகிறது, அதன் அழுத்தம் படிப்படியாக இறங்கி வகுப்பறைக்கு வந்துவிடுகிறது. என்ன கற்பிப்பது, எந்த வாரம் எந்தப் பாடத்தை முடிப்பது, எந்தப் படிவத்தை எமிஸ் என்ற கல்வித்துறை இணையதளத்தில் ஏற்றுவது எல்லாம் வெளியிலிருந்து வருகிறது. "எவ்வளவு சொன்னாலும் இதுங்க திருந்தாது" என்று ஓர் ஆசிரியர் சொல்லும்போது, கடைசி பெஞ்ச் பையன் சொன்னதையே அவரும் சொல்கிறார்: தன் செயலால் எதுவும் மாறாது என்று. அவருக்கும் நாம் கொடுப்பது அறிவுரை, ஊக்கப் பயிற்சி, சுற்றறிக்கை. இரண்டு பேரும் ஒரே நோயோடு ஒரே அறையில் இருக்கிறார்கள். ஒருவரைக் குணப்படுத்தாமல் மற்றவரைக் குணப்படுத்த முடியாது.

எல்லாப் பிள்ளைகளையும் இப்படி மீட்டுவிடலாம் என்று நான் சொல்லவில்லை. வீட்டு வறுமை, குடிகார அப்பா, உறவுகளின் சிதைவு எல்லாவற்றையும் ஒரு காம்பஸ் சரிசெய்துவிடாது. சில பிள்ளைகள் எவ்வளவு செய்தும் போய்விடுகிறார்கள். இருந்தாலும் ஆசிரியர் கையில் இருக்கும் பகுதி சிறிது என்பதால் அது இல்லாமல் போய்விடாது.

2025-இல் வெளியான மாநிலக் கல்விக் கொள்கையை ஒட்டி பதினோராம் வகுப்புப் பொதுத்தேர்வு விலக்கப்பட்டது. ஒன்பதும் பதினொன்றும் இப்போது பொதுத்தேர்வின் பிடியில் இல்லாத ஆண்டுகள். அவற்றைப் பத்துக்கும் பன்னிரண்டுக்குமான ஒத்திகையாக ஆக்கிவிடும் ஆசை பள்ளிகளுக்கு இருக்கும். அதற்கு இடம் கொடுக்கக் கூடாது. ஒன்பதாம் வகுப்பின் காலாண்டுவரை, விட்டுப்போன படிகளைக் கட்டுவதற்கென்றே ஆசிரியருக்கு விட்டுவிட வேண்டும். எந்தப் பிள்ளைக்கு எங்கிருந்து தொடங்குவது என்று அவரே முடிவு செய்யட்டும். அந்த மாதங்களுக்குத் தேர்ச்சி விகிதம் கேட்காமல், ஒவ்வொரு பிள்ளையும் முன்பு முடியாத எதை இப்போது தானாகச் செய்கிறது என்று மட்டும் கேட்கட்டும். பாடப்பகுதி கொஞ்சம் குறையும், குறையட்டும். ஒன்பதாம் வகுப்பில் ஒரு பிள்ளைக்குத் தன்மீது நம்பிக்கை வந்துவிட்டால், மீதிப் பாடத்தைப் பிறகு எப்போது வேண்டுமானாலும் அது கற்றுக்கொள்ளும். வராமல் போனால், நாம் முடித்துக் கொடுத்த பாடப்பகுதி எவ்வளவு பெரியதாக இருந்தும் அந்தப் பிள்ளைக்குப் பயனில்லை.